எத்தனை மணிக்குத் திரும்புவ?

"ஹாங் நாக் பாலிக் புக்குல் பெராப்பா?"

காயாக் என்ற சின்னத் துடுப்புப் படகைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தபோது அந்த மலாய்ப் பெரியவர் கேட்டார். எத்தனை மணிக்குத் திரும்புவ? படகுத்துறையின் மரப்படியில் உட்கார்ந்து, வலையில் சிக்கிய குச்சிகளையும் பிளாஸ்டிக்கையும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். "மீனைப் பொறுத்து, பாக் சிக்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. தண்ணீரைப் பார்த்தார், என் காயாக்கைப் பார்த்தார், மறுபடி வலைக்குள் கையை விட்டார். அன்று இரவு என்னைத் தேடி டார்ச் அடித்துக்கொண்டு வந்தது அவருடைய படகுதான்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது காயாக் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது தூண்டில் பற்றி, இரை பற்றி, எந்த இடத்தில் சியாக்காப், அதாவது கொடுவா, கிடைக்கும் என்பது பற்றி. எல்லாம் சொல்கிறேன். ஆனால் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் சொல்வேன்.

நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். சின்ன வயதில் மீன்பிடிப்பு என்றால் செம்பனைத் தோட்டத்துக் கால்வாயில் கெளுத்தியும் விராலும்தான். மாமா மூங்கில் கோல் வெட்டித் தருவார், மண்புழு தோண்டுவது என் வேலை. கடல் கொஞ்ச தூரத்தில்தான் இருந்தது, ஆனாலும் படகு வைத்திருந்தவர்களுக்கே அது சொந்தம் என்ற எண்ணம் எங்களுக்கு. பிறகு பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் வேலை கிடைத்தது. 2014-இல் பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் இரண்டாவது பாலம் திறந்ததிலிருந்து தினமும் பத்து காவான் பக்கமிருந்து அந்தப் பாலத்தில்தான் போய்வருகிறேன். 24 கிலோமீட்டர் நீளம். பெருநிலத்துக் கரையை ஒட்டி வரும்போது கீழே பார்த்தால், காலையில் படகு ஓடிய இடத்தில் மாலையில் கொக்கு நிற்கும். பல வருடம் அதை அழகான காட்சியாகத்தான் பார்த்தேன். அது ஒரு எச்சரிக்கை என்று அப்போது புரியவில்லை.

காயாக் வாங்கியது பழையதாகத்தான். மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை, 3.2 மீட்டர் நீளம், 78 சென்டிமீட்டர் அகலம். இந்த அகலம் முக்கியம். குறுகலான காயாக் வேகமாகப் போகும், ஆனால் மீன் இழுக்கும்போது பக்கவாட்டில் சாய்ந்தால் கூடவே நாமும் போய்விடுவோம். கரையோர மீன்பிடிப்புக்கு வேகம் தேவையில்லை, நிலையாக நிற்பதுதான் தேவை. அந்தத் தட்டையான அடிப்பாகம் ஒரு சாண் தண்ணீர் இருந்தால் மிதக்கும். இஞ்சின் படகு வர முடியாத இடத்துக்கெல்லாம் சத்தமில்லாமல் போய் நிற்கலாம். கண்டல் மரத்து வேருக்குப் பத்தடி தள்ளி நின்று, வேருக்கு அடியில் மீன் இரையை உறிஞ்சும் 'டப்' என்ற ஓசையைக் கேட்டிருக்கிறேன். வேறு எந்தப் படகிலும் அது முடியாது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஒரு சாண் தண்ணீரில் போக முடிகிற படகு, அந்த ஒரு சாணும் இறங்கும்வரை நம்மை அங்கேயே உட்கார வைத்துவிடும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி முடிந்து இரண்டாம் நாள். மதியம் ஒன்றரைக்குக் கடலின் உச்ச ஏற்றம், இரவு ஏழே முக்காலை ஒட்டி, தண்ணீர் முழுக்க இறங்கி நிற்கும் கடை வற்றம். ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்திருந்தேன். பார்த்தது ஏற்றத்தின் நேரத்தை மட்டும்தான், தண்ணீர் நிறைய இருக்கும்போது இறங்க வசதி என்று. இறால் கடையில் நாற்பது உயிர் இறால் வாங்கிக்கொண்டு புக்கிட் தம்பூன் பக்கத்து ஆற்று முகத்துவாரத்தில் இறங்கினேன். எதிரே பூலாவ் அமான் தீவு, இடப்பக்கம் வரிசையாகக் கண்டல் மரம், தண்ணீர் மர இடுப்புவரை நிற்கிறது. எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம் போலிருந்தது.

மூன்று மணிவரை ஒன்றும் இல்லை. தண்ணீர் நன்றாக இறங்க ஆரம்பித்ததும் மீன் வந்தது. காரணம் எளிது: தண்ணீர் ஏறும்போது இறாலும் மடவைக் குஞ்சும் மரத்துக்குள் போய்விடும், கொடுவாவும் பின்னாலேயே உள்ளே போகும். தண்ணீர் இறங்கும்போது எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். வரும் வழி சின்னச் சின்ன ஓடைகள். அந்த ஓடை வாயில் கொடுவா காத்திருக்கும். நான் அப்படி ஒரு ஓடை வாய்க்கு எதிரே நின்றுவிட்டேன். அரை மணி நேரத்தில் இரண்டு கொடுவா, ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்கு மேல். இரண்டு கெலாமா. ஒரு பெரியது தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போனது. இன்னொரு வீச்சு, இன்னொரு வீச்சு என்று இருந்தேன். ஓடை சிறுத்துக்கொண்டே வந்ததைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், மீன் ஒரே இடத்தில் குவிகிறதே என்ற சந்தோஷத்தில்.

நாலே முக்காலுக்குத் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டேன். 'சப்' என்று சேற்றில் குத்தியது. திரும்பிப் பார்த்தால் நான் வந்த வழி முழுக்கப் பழுப்பு நிறத்தில் பளபளக்கிறது. ஆழமான பள்ளம் இருநூறு மீட்டருக்கு அப்பால். நடுவில் தண்ணீர் இல்லை, சேறும் அதன்மேல் ஒரு விரற்கடை ஈரமும்தான்.

இறங்கி இழுத்துவிடலாம் என்று நினைத்தேன். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்: சேற்றில் இறங்காதீர்கள். ஒரு காலை வைத்தேன், முழங்கால்வரை போனது. அதை எடுக்க மறுகாலை ஊன்றினேன், அது தொடைவரை போனது. எடுக்க முயன்றபோது சேறு பாதத்தைக் கீழே உறிஞ்சுவதை உணர முடிந்தது. செருப்பு உள்ளேயே போய்விட்டது. நல்லவேளை, காயாக்கின் பக்கக் கைப்பிடியை விடவில்லை. வயிற்றை அதன்மேல் போட்டு, உடம்பின் எடை முழுவதையும் காயாக்கின்மேல் கிடத்தி, ஒரு காலை மட்டும் குதிகாலைத் திருகித் திருகி மெதுவாக உருவினேன். பிறகு மற்றதை. மேலே ஏறி மல்லாந்தபோது கை நடுங்கியது. கால் முழுக்க மட்டிச் சிப்பி கீறிய கோடுகள்.

இங்கே மட்டி பொறுக்குகிறவர்கள் சேற்றில் நடப்பதில்லை. நீளமான பலகையில் ஒரு முழங்காலை மடித்து வைத்து, மறு காலால் சேற்றை உதைத்து வழுக்கிக்கொண்டு போவார்கள். பிறந்ததிலிருந்து இந்தச் சேற்றைப் பார்த்தவர்களே அப்படித்தான் போகிறார்கள் என்றால், நாம் காலை வைக்க என்ன இருக்கிறது?

வீட்டுக்குப் போன் அடித்தேன். மனைவி முதலில் கேட்டது, "எங்க இருக்கீங்க?" பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கே இறங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லவே இல்லை. "புக்கிட் தம்பூன் தாண்டி, ஒரு சின்ன ஜெட்டி, பக்கத்துல ஐஸ் கடை" என்று அடையாளம் சொல்லி முடிப்பதற்குள் பேட்டரி 18 விழுக்காட்டுக்கு வந்துவிட்டது. அவள் தன் தம்பிக்குச் சொல்ல, மச்சான் காரை எடுத்துக்கொண்டு அந்தப் படகுத்துறையைத் தேடிப் பிடித்தான். அங்கே அந்தப் பெரியவர் ஏற்கெனவே என் காரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "அவன் கார் இன்னும் இங்கதான் நிக்குது. எங்க மாட்டியிருப்பான்னு எனக்குத் தெரியும். இப்ப யாரும் போக முடியாது. தண்ணி வரட்டும், பத்து மணிக்கு மேல போலாம்" என்று சொல்லியிருக்கிறார். மச்சான் அதை எனக்குச் சொன்னான். நான் நம்பவில்லை. ஏழே முக்காலுக்குத்தானே கடை வற்றம், எட்டரைக்கெல்லாம் தண்ணீர் வந்துவிடாதா என்று நினைத்தேன்.

அந்தப் பெரியவரின் கணக்கு இது: வற்றத்துக்கு எவ்வளவு நேரம் முன்னால் படகு தரை தட்டியதோ, வற்றம் முடிந்து அவ்வளவு நேரம் கழித்துத்தான் அது மறுபடி மிதக்கும். நான் தட்டியது வற்றத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால். ஆகவே வற்றத்துக்குப் பிறகும் மூன்று மணி நேரம். மொத்தம் ஆறு மணி நேரம் சேற்றின் நடுவில். கையில் அரை பாட்டில் தண்ணீர்.

வெயில் தாழும்வரை லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றித் தலைமேல் பிடித்துக்கொண்டேன். சேறு சும்மா இருப்பதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. காதை வைத்துக் கேட்டால் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவதைப் போல ஓயாமல் சின்னச் சின்ன வெடிப்புச் சத்தம். ஒவ்வொரு ஓட்டை வாயிலும் நீர்க்குமிழி உடைகிறது. நண்டு ஒரு கையை உயர்த்தி உயர்த்தி இறக்குகிறது. சேற்றில் தாவும் மீன்கள் முன்துடுப்பை ஊன்றிக் கிழவர்கள் மாதிரி ஏறி வந்து, என் காயாக்கை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போயின. ஏழரைக்கு மேல் இருட்டியது. அப்போது அகாஸ் வந்தது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத அந்தப் பூச்சி காதுமடல், கணுக்கால், முடியின் வேர் என்று எங்கும் கடித்தது. பாலத்தில் வண்டிகளின் விளக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் எத்தனையோ நாள் நானும் போயிருக்கிறேன். அந்த இரவு அந்த வெளிச்சம் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதை என்னால் இன்னும் சொல்லி முடிக்க முடியவில்லை.

பத்தரைக்கு மேல் காயாக் லேசாக அசைந்தது. பத்து நிமிடத்தில் தண்ணீர் சுற்றிலும் நிறைந்தது. பதினொரு மணிக்கு டார்ச் வெளிச்சம். பெரியவர் திட்டவில்லை. ஒரு பாட்டில் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு, அதே கேள்வியைக் கேட்டார்: அடுத்த தடவை எத்தனை மணிக்குத் திரும்புவ?

அதன் பிறகு ஒரு மாதம் கடலுக்குப் போகவில்லை. அட்டவணையோடு உட்கார்ந்தேன். கடற்படையின் தேசிய நீரளவியல் மையம் ஒவ்வொரு வருடமும் ஏற்றவற்ற அட்டவணை வெளியிடுகிறது. கைப்பேசிச் செயலிகளும் இருக்கின்றன. எதைப் பார்த்தாலும் நான்கு எண்களையும் பாருங்கள்: இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நம் கடலில் ஒரு நாளைக்குத் தண்ணீர் இருமுறை ஏறி இருமுறை இறங்கும். அடுத்த நாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் பிந்தி வரும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிது. பினாங்கில் அன்று இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மீட்டரைத் தாண்டும். அஷ்டமி, நவமி வாக்கில் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இருக்காது. அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்காதே என்பார் என் அம்மா. சேற்றுக்கரையில் காயாக் ஓட்டப் பழகுகிறவருக்கு அந்த நாட்கள்தான் நல்ல நாள். மீன் கொஞ்சம் மந்தமாக இருக்கும், ஆனால் தண்ணீர் ஓடிப்போகாது. மாசி மகம் மாதிரி பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் நமக்கு எவ்வளவு பெரிய நாளோ, கடலுக்கும் அவ்வளவு பெரிய நாள் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும், நாட்காட்டியைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும்.

இன்னொன்று, தண்ணீர் ஆறு மணி நேரமும் ஒரே வேகத்தில் இறங்காது. உலகம் முழுக்க மாலுமிகள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் 1 பங்கு, இரண்டாம் மணியில் 2, மூன்றாம், நான்காம் மணிகளில் 3, ஐந்தில் 2, ஆறில் 1. மொத்தம் 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மணியில் 20 சென்டிமீட்டர்தான் இறங்கும், 'எங்கே இறங்குது, அப்படியேதானே இருக்கு' என்று தோன்றும். மூன்றாம் மணியில் 60 சென்டிமீட்டர். தொடையளவு தண்ணீர் ஒரு மணி நேரத்தில் கணுக்காலுக்கு வரும். 500 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று சரிந்திருக்கும் சேற்றுப்படுகையில் அந்த 60 சென்டிமீட்டர் என்பது கடல் 300 மீட்டர் பின்வாங்குவது. நான் மாட்டியது சரியாக அந்த நேரத்தில். மீன் நன்றாகக் கடித்ததும் அந்த நேரத்தில்தான். நீரோட்டம் வேகமாக இருந்ததால்தான் மீன் கடித்தது. மீனும் ஆபத்தும் ஒரே மணியில் வரும் என்பதால்தான் திரும்பும் நேரத்தைக் கரையிலேயே முடிவுசெய்ய வேண்டும். கடலில் உட்கார்ந்து முடிவுசெய்தால் மீன் பக்கம்தான் மனசு போகும்.

இப்போது நான் செய்வது: பெரிய தண்ணீர் நாளில் இறங்கினால், ஏற்றம் உச்சத்துக்கு வருவதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால் போகிறேன், உச்சம் முடிந்து ஒன்றரை மணி நேரத்தில் கரையில் இருக்கிறேன். கைப்பேசியில் அலாரம். அலாரம் அடித்தால் நரம்பில் மீன் இருந்தாலொழிய சுற்றி எடுத்துவிட வேண்டும், இன்னொரு வீச்சு கிடையாது. கூடவே, ஆழமான பள்ளம் எங்கே என்பதைக் கண்ணில் வைத்துக்கொண்டே மீன்பிடிக்கிறேன். பள்ளத்துக்கும் எனக்கும் நடுவில் மேடு இருக்கவே கூடாது. இதற்கு ஒரு சுலபமான வழி: ஒரு நாள் தூண்டிலே இல்லாமல் கடை வற்றத்தின்போது கரைக்குப் போய் நின்று படம் எடுங்கள். தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கடலே காட்டிக்கொடுக்கும் நேரம் அது. ஓடை, மேடு, மூழ்கிய மரம், பழைய வலைக்கம்பு எல்லாம் தெரியும். அந்த ஒரு படம் எனக்குப் பத்துப் பயணத்துக்குச் சமம். கொக்குகள் எங்கே வரிசையாக நிற்கின்றன என்பதையும் பாருங்கள். அவை நிற்கும் விளிம்புதான் இரைமீன் ஒதுங்கும் விளிம்பு.

காற்று விஷயத்தில் பினாங்குக்கு ஒரு தனிச் சிக்கல். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் விடியலுக்கு முன்னும் காலையிலும் சுமத்ராவிலிருந்து நீரிணையைத் தாண்டி ஒரு வரிசையாகப் புயல்மேகம் வரும். இரவு ஷிஃப்ட் முடித்து நேராகக் கடலுக்குப் போகிற என் போன்றவர்களுக்குச் சரியாக அந்த நேரம்தான் வாய்க்கும். பெருநிலத்துக் கரையில் நின்றால் மேற்கே தீவின் மலைகள் மறைத்துக்கொண்டிருக்கும். மேகம் மலையைத் தாண்டித் தலைகாட்டும்போது நமக்கு அதிக நேரம் மிச்சமிருக்காது. மலைமுகடு வெள்ளையாக மங்கி மறைந்தால், அது மூடுபனி என்று நினைக்காதீர்கள், மழை. துடுப்பை எடுங்கள். இறங்குவதற்கு முன் மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் ரேடார் படத்தைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

ஒரு தடவை அந்தக் காற்றில் மாட்டினேன். மேற்குக் காற்று என்பதால் பெருநிலத்துக் கண்டல் மரங்களுக்குள் கொண்டுபோய்த் தள்ளியது, கிளையைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் நனைந்தேன். அதே காற்று தீவின் கிழக்குக் கரையில், பத்து மாவுங் பக்கம், அடித்திருந்தால் கப்பல் போகும் நடுக்கால்வாய்க்குத் தள்ளியிருக்கும். ஆகவே காற்றின் வேகத்தை மட்டுமல்ல, அது எந்தப் பக்கம் தள்ளும் என்பதையும் பாருங்கள். காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் எதிர்ப்பக்கமும் போனால் சின்னக் காற்றுக்கே அலை செங்குத்தாக எழும்பும். இடி என்றால் பேச்சே இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள், மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் வந்தால் கரையில் இருக்க வேண்டும். நம் கையில் இருக்கும் கார்பன் கோல் மின்சாரம் பாயும் பொருள், திறந்த கடலில் அதுதான் உயரமான கம்பி.

நங்கூரம் போடுகிறவர்கள் காயாக்கின் நடுப்பக்கத்தில் கட்டாதீர்கள். நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்துக் கவிழ்த்துவிடும். முனையிலோ வாலிலோ கட்டுங்கள், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக. ஆழமில்லாத சேற்றில் நங்கூரமே வேண்டாம், இரண்டு மீட்டர் கம்பு ஒன்றைக் குத்தி அதில் கட்டிக்கொண்டால் சத்தமில்லாமல் நிற்கலாம். கோல் நடுத்தரமானது, ரீல் 3000 அளவு, பின்னல் நரம்பு 20 பவுண்ட், முன்னால், தூண்டில் முள்ளைக் கட்டும் பக்கம், லீடர் எனப்படும் தடித்த நரம்பு ஒரு மீட்டர். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி, மெல்லிய லீடரை ஒரே உதறலில் அறுக்கும். மிதவைக்குக் கீழே ஒன்றரை அடியில் உயிர் இறாலைத் தொங்கவிட்டு நீரோட்டத்தோடு ஓடை வாய்க்கு அனுப்பினால் போதும். இதற்குமேல் சாமான் பற்றி எழுத எனக்கு ஆசையில்லை. கடைக்காரர்கள் நன்றாகவே சொல்வார்கள்.

கடைக்காரர்கள் சொல்லாதது ஒன்று உண்டு: விழுந்தால் மறுபடி ஏறத் தெரிய வேண்டும். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில், வேண்டுமென்றே கவிழ்ந்து பழகுங்கள். காயாக்கை நிமிர்த்தி, நடுவில் இரண்டு கையும் வைத்து, காலைத் தவளை மாதிரி உதைத்து உடம்பைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்து, வயிற்றால் சறுக்கி ஏறி, அப்புறம் புரண்டு உட்காருங்கள். முதலில் எனக்கு ஏழு தடவை முயன்றும் வரவில்லை. மூச்சு வாங்கியது. இப்போது அரை நிமிடம். அந்த ஏழு தடவையும் ஆழத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்துவிட்டுத்தான், இதைப் பழகாத யாரையும் நான் கூட்டிக்கொண்டு போவதில்லை.

செம்பிலாங் பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்பாக, வால் விலாங்கு மாதிரி இருக்கும் கெளிறு. குழம்புக்கு அருமை, சேற்றுக்கரையில் நிறையக் கிடைக்கும். முதுகில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என்று மூன்று விஷமுள். காயாக்கில் மடிமேல் மீனை வைத்துத்தான் தூண்டில் முள்ளைக் கழற்ற வேண்டியிருக்கும், தொடைக்கும் மீனுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. போன வருடம் உள்ளங்கையில் குத்தியது. தோள்வரை வலி ஏறியது, கண் இருட்டியது. கரைக்கு வந்து, பிளாஸ்க்கில் வைத்திருந்த சுடுநீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து, பொறுக்கக்கூடிய சூட்டில் கையை முக்கி வைத்தேன். அந்த விஷம் சூட்டில் முறியும் வகை, சூடு வலியை உண்மையாகவே குறைக்கும். சூடு 45 பாகையைத் தாண்டக்கூடாது, குத்துப்பட்ட கை மரத்திருக்கும் என்பதால் மறு கையால் சோதித்துவிட்டு முக்க வேண்டும். அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம். பிறகு மருத்துவமனை, ஏனென்றால் முள் துண்டு உள்ளே இருந்துவிட்டால் சீழ் பிடிக்கும், டெட்டனஸ் ஊசியும் வேண்டும். இப்போது என்னிடம் நீளமான இடுக்கியும் சுடுநீர்ப் பிளாஸ்க்கும் எப்போதும் இருக்கும். செம்பிலாங் என்று தெரிந்தால் காயாக்குக்குள் ஏற்றுவதே இல்லை, பக்கத்திலேயே நரம்பை வெட்டிவிடுகிறேன்.

இந்தக் கரை நம்முடையது மட்டுமல்ல என்பதையும் எழுதியாக வேண்டும். ஜூரு, பத்து காவான் கரையில் கம்பு நட்டு எல்லை கட்டிய இடங்கள் மட்டி வளர்ப்புப் பாத்திகள். அதற்குள் நுழைந்து துடுப்பால் சேற்றைக் கிளறினால் ஒருவருடைய வருமானத்தைக் கிளறுகிறோம். நிற்கும் வலையைத் தாண்டும்போது ரீலைச் சுற்றி வைத்துவிடுங்கள். கொடுவா விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அந்த மீன் ஆணாகப் பிறந்து, வளர்ந்து பெரிதான பிறகு பெண்ணாக மாறும். 80 சென்டிமீட்டரைத் தாண்டியவை பெரும்பாலும் பெண், லட்சக்கணக்கில் முட்டை சுமப்பவை. இரண்டு வருடம் முன்பு அப்படி ஒன்று கிடைத்தது, கோலில் அளந்தால் 86. காயாக்கின் பக்கத்தில் கண் சிவப்பாக மின்ன, மெதுவாகச் செவுளை அசைத்துக்கொண்டு கிடந்தது. உதட்டைப் பிடித்து நீரோட்டத்துக்கு எதிராக நிறுத்திப் பிடித்தேன். இரண்டு நிமிடம் இருக்கும், வாலை ஒரு அடி அடித்தது, முகம் முழுக்க உப்புத் தண்ணீர், மீன் போய்விட்டது. கிலோ மூன்றிலோ நான்கிலோ இன்னொன்று கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன், என் மனைவி புளி கரைத்துக் குழம்பு வைப்பாள். ஆனால் அந்தப் பெரியது போகட்டும்.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின்மேல் ஒரு சின்ன வெள்ளைப்பலகை ஒட்டியிருக்கிறோம். எங்கே இறங்குகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன், அதைத் தாண்டி ஒரு மணி நேரம் ஆனால் யாருக்கு முதலில் போன் செய்ய வேண்டும் என்று எழுதிவிட்டுத்தான் காரை எடுப்பேன். பெரியவரின் எண் முதலில், 999 அடுத்து. கைப்பேசி நீர்புகாத உறையில், கழுத்தில் விசில், லைஃப் ஜாக்கெட் பையில் சின்ன டார்ச். குடிதண்ணீர் இரண்டு லிட்டர், அரை நாளுக்கு மட்டும் போனாலும்.

போன மாதம் மச்சானும் ஒரு காயாக் வாங்கிவிட்டான். அந்த இரவு படகுத்துறையில் காத்திருந்தவன்தான். "மாமா, புக்கிட் தம்பூன் கூட்டிட்டுப் போங்க" என்றான். நான் தெலுக் கும்பாரில் மணல் பிடிப்பான இடமாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனேன். தூண்டிலைக் காரிலேயே விட்டுவிடச் சொன்னேன். பதினொரு தடவை கவிழ்ந்து பதினொரு தடவை ஏறினான், கடைசி மூன்று தடவை சுத்தமாக வந்தது. வரும் அஷ்டமியை நாட்காட்டியில் வட்டமிட்டிருக்கிறோம். ஏற்றம் காலை ஏழு சொச்சம், எட்டரைக்குக் கரை. வெள்ளைப்பலகையில் அவனே எழுதிவிட்டான்.